பிளக்-இன் ஹைபிரிட் கார்: மோட்டபிலிட்டி குத்தகையா, சொந்தமாக வாங்குவதா?

கார்த்திகைப்பூ (ஹரோ):

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குப் பல ஆண்டுகளாக மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ் இருக்கிறது. வீட்டுக்குள் தடியூன்றி நடப்பார். வாசலைத் தாண்டினால் மடிக்கக்கூடிய மின்சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது. பிப் எனப்படும் பிரித்தானிய அரசின் இயலாமைக் கொடுப்பனவின் நடமாட்டப் பகுதி அவருக்கு உயர் வீதத்தில் கிடைக்கிறது. அடுத்த மீளாய்வு 2028இல் வரும் என்று கடிதத்தில் உள்ளது. இதுவரை அந்தப் பணத்தைக் கையில் பெற்றுக்கொண்டு எங்கள் பழைய டீசல் காரையே ஓட்டி வந்தோம். அது இனி அதிக காலம் தாங்காது என்று பழுதுபார்ப்பவர் சொல்லிவிட்டார்.

கார் ஓட்டுவது நான்தான். வைத்தியசாலை, பிசியோ, கடை, கோயில் என்று எங்கள் பயணங்களில் பெரும்பாலானவை 10 மைலுக்குள் முடிந்துவிடும். மகள் லெஸ்டரில் படிப்பதால் இடையிடையே ஏறத்தாழ 90 மைல் தொலைவு சென்றுவர வேண்டியிருக்கிறது. கணவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் சார்ஜ் செய்யுமிடம் தேடி அலைய எனக்கு மனமில்லை. அதனால் முழு மின்காரை விட, பிளக்கில் சார்ஜ் செய்து மின்சாரத்திலும் பெற்றோலிலும் ஓட்டக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் பொருந்தும் என்று நினைக்கிறோம். வீட்டின் முன்றிலில் கார் நிறுத்த இடமும் வெளிச்சுவரில் ஒரு மின்சாரப் பிளக்கும் இருக்கின்றன. கையில் ஏறத்தாழ 20,000 பவுண் சேமிப்பு உண்டு. நான் வேலை செய்வதால் யுனிவர்சல் கிரெடிட் போன்ற வேறு கொடுப்பனவு எதுவும் எங்களுக்கு இல்லை.

நடமாட்டப் பகுதிப் பணத்தைக் கொடுத்துக் கார் எடுக்கும் மோட்டபிலிட்டித் திட்டத்தில் குத்தகைக்கு எடுப்பதா, சேமிப்பைப் போட்டுச் சொந்தமாக வாங்குவதா என்பதே என் கேள்வி. ஒரு விற்பனை நிலையத்தில் குத்தகைதான் எவருக்கும் இலாபம் என்றார்கள். இன்னொன்றில் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். இரு இடத்திலும் என் கணவரின் தேவை என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈஸ்ட்ஹாம் அண்ணா:

வணக்கம் தங்கச்சி. என் மனைவிக்காக நாங்கள் மோட்டபிலிட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் எடுத்து வருகிறோம். எனவே குத்தகையின் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

2025-26 நிதியாண்டில் உயர் வீத நடமாட்டப் பகுதி வாரத்துக்கு 77.05 பவுண். அதை அப்படியே மோட்டபிலிட்டிக்குத் திருப்பிவிட்டால், மூன்று ஆண்டுகளில் 12,000 பவுணுக்குச் சற்று மேல் அவர்களிடம் போய்ச் சேரும். அதற்கு மேல், தெரிவு செய்யும் காரைப் பொறுத்து ஒரு முற்பணமும் கட்ட வேண்டும். சில கார்களுக்கு அது தேவையில்லை, சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் வரும். குத்தகை முடியும்போது அந்த முற்பணம் திரும்பி வராது. பிளக்-இன் வகைகளுக்குப் பெரும்பாலும் முற்பணம் உண்டு. விலைப்பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவதால், இந்தக் காலாண்டில் கட்டுப்படியாகாத கார் அடுத்த காலாண்டில் கைக்கெட்டும் விலைக்கு வருவதும் உண்டு.

அந்தப் பணத்துக்குள் காப்புறுதி, சேவிஸ், டயர், முன்கண்ணாடி, வழியில் நின்றுவிட்டால் வந்து உதவும் சேவை, வீதி வரி அனைத்தும் அடங்கும். போன குளிர்காலத்தில், வைத்தியசாலைக்குப் போகும் வழியில் எங்கள் காரின் டயர் கிழிந்துவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்பில் ஆள் வந்து பார்த்தார், புது டயர் போடப்பட்டது, ஒரு சதமும் நான் கொடுக்கவில்லை. நடக்க முடியாத ஒருவரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் நிற்கும்போது, அந்த உத்தரவாதத்தின் பெறுமதி எந்த அட்டவணையிலும் எழுதப்படாதது.

காலத்தைப் பொறுத்து ஒரு விடயம் முக்கியம். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தின்படி, முற்பணத்துக்கு இருந்த வாட் (பெறுமதி சேர் வரி) விலக்கு 2026 ஜூலை முதல் தொடங்கும் புதிய குத்தகைகளுக்கு இல்லை. காப்புறுதிக் கட்டண வரியும் குத்தகைகளுக்குப் பொருந்தும். சக்கர நாற்காலியோடு ஏறும்படி வடிவமைத்த வாகனங்களுக்கு மட்டும் பழைய சலுகை தொடரும். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், அவுடி போன்றவை பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே குத்தகை என்று முடிவானால் 2026 ஜூலைக்கு முன்பே கார் கைக்கு வரும்படி பாருங்கள்.

கணக்குப்பிள்ளை (லூட்டன்):

அண்ணா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சொந்தமாக வாங்குபவருக்கும் சில உரிமைகள் உண்டு; விற்பனை நிலையங்கள் அவற்றைத் தாமாக எடுத்துச் சொல்வது அரிது.

முதலாவது வீதி வரி. நடமாட்டப் பகுதியை உயர் வீதத்தில் பெறுபவர், தம் பெயரிலுள்ள அல்லது தாம் நியமித்த ஓட்டுநரின் பெயரிலுள்ள ஒரு காருக்கு முழு விலக்குப் பெறலாம். 2025-26இல் ஹைபிரிட் கார்களுக்கும் ஆண்டுக்கு 195 பவுண் வரி இருந்ததால் இது சிறிய தொகையல்ல. 40,000 பவுணுக்கு மேற்பட்ட கார்களின் மேலதிக வரியும் இதோடு போய்விடும். ஆனால் அந்தக் கார் மாற்றுத்திறனாளியின் தேவைக்கு மட்டுமே ஓட வேண்டும். நீங்கள் அதில் தினமும் உங்கள் வேலைக்குப் போனால் விலக்குச் செல்லாது.

இரண்டாவது வாட். நடமாடுவதற்கு வழக்கமாகச் சக்கர நாற்காலியை நம்பியிருக்கும் ஒருவருக்காக, கையளிக்கும் முன்பே நிரந்தரமாகவும் கணிசமாகவும் மாற்றியமைக்கப்பட்ட காரை வாட் இன்றி வாங்கலாம். கழற்றி எடுக்கக்கூடிய பொருத்தல்கள் இதில் சேரா. எப்போதாவது நாற்காலியைப் பயன்படுத்துபவருக்கும் இது கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு வாகனம் என்பதே அளவு. 1615ஏ என்ற வாட் படிவத்தை நிரப்பி விற்பவரிடம் கொடுக்க வேண்டும். உங்கள் கணவர் வீட்டுக்குள் தடியூன்றி நடப்பவர் என்பதால், தகுதி உண்டா என்பதை வரித் திணைக்களத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 33,000 பவுண் காரில் வாட் மட்டும் 5,500 பவுண் என்பதால், அந்த ஒரு கடிதம் உங்கள் கணக்கையே மாற்றக்கூடும்.

இனி ஒரு தோராயக் கணக்கு. இவை என் ஊகத் தொகைகள். உங்கள் தொகைகளை இட்டுப் பாருங்கள். 33,000 பவுண் புதுக் கார் மூன்று ஆண்டில் பாதி விலைக்கு இறங்குகிறது என்று வையுங்கள்: 16,500 போய்விட்டது. ஹரோவில் காப்புறுதி ஆண்டுக்கு 900 என்றால் மூன்றாண்டுக்கு 2,700. சேவிஸ், டயர், வீதியோர உதவி எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 20,700. குத்தகையிலோ 12,000, முற்பணம் 2,000, ஆக 14,000. எனவே வாட் விலக்கு இல்லாமல் புதுக் காரைச் சொந்தமாக வாங்குவது கணக்கில் தோற்றுவிடுகிறது. வாட் விலக்குக் கிடைத்து, மூன்றாண்டில் அதே 16,500க்கு விற்கவும் முடிந்தால் மொத்தம் 15,200 ஆகி, குத்தகைக்கு அருகில் வரும்.

மூன்று வயதான காரை 18,000க்கு வாங்கி, இன்னும் மூன்று ஆண்டு ஓட்டி 10,000க்கு விற்றால் 8,000 இழப்பு, காப்புறுதி 2,700, பராமரிப்பும் எம்ஓடி என்ற வருடாந்தச் சோதனையும் 2,000. மொத்தம் 12,700. உங்கள் சேமிப்புக்கும் அடங்கும். என் தெரிவு அதுதான்: பிப் பணம் கையில் இருக்கும், விரும்பியபோது காரை விற்கலாம், இழப்பீடு கோராமல் ஓட்டியதற்கு முன்பிருந்த கட்டணச் சலுகையும் காப்புறுதியில் தொடரும்.

ஸ்பானர் (குரொய்டன்):

நான் மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களில் ஹோய்ஸ்ட் (நாற்காலியைத் தூக்கி ஏற்றும் கருவி), கைக் கட்டுப்பாடு முதலியவற்றைப் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். குத்தகையா கொள்வனவா என்பதற்கு முன், எந்தப் பிளக்-இன் என்பதைத் தீர்மானியுங்கள் அக்கா. உங்கள் கணவரின் நிலையில் இரண்டு விடயங்கள் தலையாயவை.

ஒன்று, டிக்கி. பெரிய மின்கலத்துக்கு இடம் தேவைப்படுவதால் ஒரே காரின் பிளக்-இன் வடிவத்தில் டிக்கி சுருங்குகிறது. கியா ஸ்போர்ட்டேஜில் பெற்றோல் காருக்கு 591 லீற்றர், பிளக்-இன்னுக்கு 540. ஹியுண்டாய் டூசானில் 620 லீற்றர் 558 ஆகக் குறைகிறது. ஆனால் லீற்றர் கணக்கு நாற்காலிக்குப் போதாது. மடித்த நாற்காலியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும், டிக்கி வாயின் மிக ஒடுக்கமான இடத்தையும், நிலத்திலிருந்து டிக்கி விளிம்புவரை உள்ள உயரத்தையும் அளந்து எழுதுங்கள். டிக்கித் தளத்தின் கீழ் சார்ஜ் வயரை வைக்கும் இடம் இல்லாத கார்களில் அந்த வயர்ப் பையும் நாற்காலியோடு போட்டிபோடும். ஹோய்ஸ்ட் பொருத்துவதானால் அதன் தூண் எங்கே நிற்கும், தளத்தில் துளையிட்டால் கீழே மின்கலமோ உயரழுத்த வயரோ இருக்கிறதா என்பதைப் பொருத்துபவர் பார்த்த பின்பே காரை ஓடர் செய்ய வேண்டும்.

மற்றது, ஹீற்றர். இதை விற்பனை நிலையத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஸ்போர்ட்டேஜ், டூசான் பிளக்-இன் கார்களில் ஹீற்றரைப் போட்டால் மின்கலம் நிறைந்திருந்தாலும் என்ஜின் இயங்கத் தொடங்கும், ஏனெனில் சூடு என்ஜின் தண்ணீரிலிருந்தே வருகிறது. டொயோட்டாவின் ராவ்4, பிரியஸ் பிளக்-இன்களில் மின்சாரத்திலேயே சூடேற்றும் வெப்பப் பம்பி உண்டு. வொக்ஸ்வகன் கோல்ப் இஹைபிரிட்டில் மின்சார ஹீற்றர் உண்டு. குளிர்பட்டால் தசை இறுகும் ஒருவரை ஏற்றிச் செல்பவருக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஹீற்றர் ஓடியே தீரும். அப்படியானால் முதல் வகைக் காரில் கோயிலுக்குப் போகும் நான்கு மைலும் பெற்றோலில்தான் போகும். அதுவும் குளிர்ந்த என்ஜினின் மோசமான எரிபொருள் செலவில்.

ஐரோப்பிய ஆணையம் 2021இல் பதிவான கார்களில் பொருத்தியிருந்த எரிபொருள் மானிகளின் தரவைத் திரட்டி 2024இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன்கள் வீதியில் வெளியிடும் கரியமில வாயு ஆய்வுகூட அளவைப் போல் சராசரி 3.5 மடங்கு என்று கண்டது. சார்ஜ் செய்யாமல் ஓட்டுவது அதற்குப் பெரிய காரணம். உங்களிடம் முன்றிலும் பிளக்கும் இருப்பதால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேர வேண்டியதில்லை. மூன்று முனைப் பிளக்கில் ஏறத்தாழ 2.3 கிலோவாட் வரும், 13.8 கிலோவாட்-மணி மின்கலம் ஆறேழு மணி நேரத்தில், அதாவது ஓர் இரவுக்குள், நிறைந்துவிடும். வெளிச்சுவர்ப் பிளக்கையும் அதன் வயரிங்கையும் ஒரு மின்வினைஞரிடம் காட்டிச் சரிபாருங்கள். நீட்டு வயர் போட்டுச் சார்ஜ் செய்யவே வேண்டாம்.

கார்த்திகைப்பூ:

மூவருக்கும் மிக்க நன்றி. ஹீற்றர் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குளிரில் அவருடைய கால் பலகைபோல விறைத்துவிடும். ஏற்றி இருத்துவதற்கு முன்பே கார் சூடாக இருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்தினாலேயே நாங்கள் மனதில் வைத்திருந்த காரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

நாற்காலியை மடித்து அளந்தேன். அகலம் பிரச்சினையில்லை, உயரம்தான் இடிக்கும் போலிருக்கிறது, கைப்பிடியைக் கழற்றினால் படுக்கவைக்கலாம். எனக்கு இப்போதைக்கு ஹோய்ஸ்ட் தேவையில்லை, ஆனால் என் முதுகும் என்றென்றைக்கும் இப்படியே இருக்கப் போவதில்லை.

என் அச்சம் வேறொன்று. 2028 மீளாய்வில் உயர் வீதம் பறிபோனால், குத்தகைக் கார் என்னாகும்?

நிலாவரை:

கொடுப்பனவு ஆலோசனை நிலையமொன்றில் தன்னார்வலராக இருப்பவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். உயர் வீதம் நின்றுவிட்டால் குத்தகையும் முடிவுக்கு வரும். குறுகிய கால அவகாசத்தில் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேன்முறையீடு நடந்துகொண்டிருப்பது மட்டும் காரை வைத்திருக்கும் உரிமையைத் தந்துவிடாது. தீர்ப்பாயத்தில் வெல்பவர்கள் பலர். ஆனால் வெல்லும்வரை கார் இல்லாமல் இருந்திருப்பார்கள். இதைத்தான் குத்தகையின் உண்மையான பலவீனமாக நான் கருதுகிறேன். 2026இல் எடுக்கும் மூன்றாண்டுக் குத்தகை 2029 வரை போகும் என்பதால் உங்கள் மீளாய்வு அதற்கு நடுவில் விழுகிறது. பிப் தகுதியை இறுக்கும் யோசனையை அரசாங்கம் 2025 ஜூலையில் கைவிட்டு, அமைச்சர் டிம்ஸ் தலைமையிலான மீளாய்வுக்கு விட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் உங்கள் கணவரின் நோய் காலப்போக்கில் முன்னேறும் இயல்புடையது. நரம்பியல் நிபுணரின் கடிதங்கள், பிசியோ அறிக்கைகள், வெளியே ஒருமுறை சென்று வந்த பின் அவர் எத்தனை நாள் படுக்கையில் இருக்கிறார் என்ற குறிப்பு, இவற்றை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். கார் எப்படி எடுத்தாலும் 2028இல் உங்களைக் காப்பவை அவைதான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பத்தில் சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் கொடுப்பனவு குறையும், 16,000ஐத் தாண்டினால் நின்றுவிடும். சொந்தப் பாவனைக்கான கார் சேமிப்பாகக் கணக்கிடப்படுவதில்லை. தேவைக்கு ஏற்ற விலையில் வாங்கிய காரை, வேண்டுமென்றே பணத்தைக் கரைத்ததாகக் கொள்ள முடியாது. ஆயினும் பற்றுச்சீட்டுகளையும், ஏன் அந்தக் கார் தேவைப்பட்டது என்பதற்கான குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணா:

நிலாவரை சொன்ன ஆபத்து மெய்தான். ஆனால் மறுபக்க ஆபத்தையும் பாருங்கள். சொந்தமாக வாங்கிய மூன்று வயதுப் பிளக்-இன்னில் மின்கலத்துக்குப் பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 100,000 மைல் உத்தரவாதம் இருக்கலாம். அதன் சார்ஜ் செய்யும் கருவிக்கும் மற்ற மின்னணுவியலுக்கும் அவ்வளவு நீண்ட உத்தரவாதம் இருப்பதில்லை. பிளக்-இன் என்பது ஒரே உடலில் இரண்டு கார், இரண்டும் பழுதாகலாம். உத்தரவாதம் முடிந்த பிறகு வரும் ஒரு பெரிய பில், கணக்குப்பிள்ளை காட்டிய 1,300 பவுண் இலாபத்தை ஒரு நாளில் விழுங்கிவிடும். குத்தகையில் அந்தக் கவலை மோட்டபிலிட்டியுடையது.

முழு மின்காரையும் ஒரேயடியாக ஒதுக்காதீர்கள் தங்கச்சி. அதற்கு மோட்டபிலிட்டி வீட்டுச் சார்ஜரையும் பொருத்தித் தருகிறது. பிளக்-இன்னுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

அண்ணாவின் வாதத்தில் பலம் இருக்கிறது. எரிபொருள் கணக்கையும் வெளிப்படையாகப் போட்டுவிடுகிறேன், ஏனெனில் பலர் பிளக்-இன் எடுப்பது அந்த மிச்சத்தை நம்பித்தான். சாதாரணக் கட்டணத்தில் வீட்டு மின்சாரம் 2025 இறுதியில் அலகுக்கு 26 பென்ஸ் அளவில் இருந்தது. அலகுக்கு மூன்று மைல் ஓடினால் மைலுக்கு 9 பென்ஸ். பெற்றோல் லீற்றர் 1.35 பவுண், கலனுக்கு 50 மைல் தரும் சாதாரண ஹைபிரிட் என்றால் மைலுக்கு 12 பென்ஸ். ஆண்டுக்கு 6,000 மைல் மின்சாரத்தில் ஓடினாலும் மிச்சம் 200 பவுண் அளவுதான். இரவுநேரக் குறைந்த கட்டணம் கிடைத்தால் மிச்சம் பல மடங்காகும். ஆனால் அந்தத் திட்டங்கள் பலவற்றுக்குப் பொருத்தமான சார்ஜரோ காரோ தேவை, எல்லாப் பிளக்-இன்களும் அதில் சேரா. 2028 ஏப்ரல் முதல் பிளக்-இன்களுக்கு மைலுக்கு 1.5 பென்ஸ் புது வரியும் வருகிறது. உங்கள் குத்தகை அந்தத் திகதியைத் தாண்டுவதால், அதை யார் கட்டுவது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஆக, பிளக்-இன்னுக்காக 2,000 பவுண் கூடுதல் முற்பணம் கேட்டால், சாதாரணக் கட்டணத்தில் மூன்று ஆண்டில் அந்தப் பணம் திரும்ப வராது. ஓசையில்லாத குறும்பயணமும், ஏறுமுன் கார் சூடாக இருப்பதும் உங்களுக்கு அந்தப் பணத்துக்குப் பெறுமதியா என்பதே கேள்வி.

கார்த்திகைப்பூ:

எங்களுக்குப் பெறுமதிதான். புறப்படும் முன் வீட்டு மின்சாரத்திலேயே காரைச் சூடாக்க முடிந்தால் அவருடைய பாதி வேதனை குறையும். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தயார்.

இருவரும் பேசி இப்படித் தீர்மானித்திருக்கிறோம். மீளாய்வு நடுவில் விழுந்தாலும் குத்தகைக்கே போகிறோம். பழுது, காப்புறுதி, வழியில் நிற்பது ஆகிய சுமைகளை நான் ஒருத்தியாகத் தாங்க விரும்பவில்லை. 20,000 பவுணில் முற்பணம் தவிர ஒன்றையும் தொடமாட்டோம். 2028இல் கார் பறிபோனால் மறுநாளே ஒரு பழைய காரை வாங்க அது வங்கியில் இருக்கும். வாட் பற்றி வரித் திணைக்களத்துக்கும் எழுதுகிறேன், ஹோய்ஸ்ட் தேவைப்படும் காலத்தில் அந்தப் பதில் உதவும். எங்கள் பழைய டீசலுக்கு மாற்றுத்திறனாளி வரிப் பிரிவில் யூலெஸ் (லண்டன் மாசுக் கட்டணம்) விலக்கு 2027 ஒக்டோபர் 24 வரை இருப்பதால், புதுக் கார் வரும்வரை அதையே மெதுவாக ஓட்டலாம்.

ஸ்பானர் தம்பி, ஓட்டிப் பார்க்கும்போது ஹீற்றரை எப்படிச் சோதிப்பது?

ஸ்பானர்:

காலை முதல் நேரத்தைக் கேளுங்கள் அக்கா; காரை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டாம் என்றும், இரவே சார்ஜ் நிறைத்து வைக்கும்படியும் சொல்லுங்கள். மின்கலம் குறைவாக இருந்தால் என்ஜின் எப்படியும் இயங்கும், சோதனை பயனற்றுப் போகும். மின்சாரம் மட்டும் என்ற ஓட்ட முறையைத் தெரிவு செய்து, ஹீற்றரை 24 பாகையில் வைத்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் காத்திருங்கள். என்ஜின் இயங்காமல் கால்பக்கம் சூடான காற்று வந்தால் சரி. பிறகு கைப்பேசிச் செயலியால் தூரத்திலிருந்து சூடாக்கிக் காட்டும்படி கேளுங்கள். அந்தச் செயலிக்கு ஆண்டுச் சந்தா உண்டா, குத்தகைக் காலம் முழுவதும் இலவசமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நாற்காலியைக் கட்டாயம் கொண்டுபோய், விற்பனையாளர் அல்ல, நீங்களே தூக்கி டிக்கியில் வைத்துப் பாருங்கள்.